குசினிக் கதவுக்கு ஒரு அலாரம்

நாலு மாதத்துக்கு முன் என் வீட்டில் கள்ளன் புகுந்த கதையை இந்தப் பக்கத்தில் எழுதினாலும் எழுதினேன்... கடிதங்களுக்குக் குறைவில்லை. அனுதாபம் சொன்னவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்ற எல்லோருக்கும் ஒரே கேள்வி. அலாரம் பூட்டிவிட்டீர்களா டீச்சர்? எந்த வகை நல்லது? செலவு சுருக்கமாக முடியுமா?

பூட்டினோம். போன வெள்ளிக்கிழமை கழற்றியும் விட்டோம். ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பள்ளிக்கூடத்தில், கணவர் துறைமுகக் கந்தோரில், மகளும் படிக்கப் போயிருந்த ஒரு நாள், பட்டப்பகலில் பின்பக்கத்துக் குசினிக் கதவால் யாரோ வந்து மகளின் சங்கிலியையும் ட்ரான்சிஸ்டர் ரேடியோவையும் கொண்டு போய்விட்டார்கள். குசினிக் கதவுக்கு ஒரு கொளுக்கிதான். அதையும் நாங்கள் போடுவதில்லை. பக்கத்து வீட்டு ரஹீமா வந்து போக வேண்டுமே!

ரஹீமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கணவருக்குக் கடைத்தெருவில் சின்னப் புடவைக் கடை. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த கிடுகு வேலி ஒரு மழையில் சரிந்தது. அதைத் திருப்பிக் கட்ட இரண்டு வீட்டுக்காரருக்கும் எண்ணம் வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போன பிறகு மழை இருட்டினால் காயப்போட்ட மிளகாயை அள்ளி உள்ளே வைப்பது ரஹீமா. மகளுக்கு அம்மாள் வருத்தம் கண்டபோது நான் லீவு எடுக்க முடியாமல் தவிக்க, பகல் முழுக்க வேப்பிலையோடு பக்கத்தில் இருந்ததும் ரஹீமாதான். பதினொரு வருஷத்தில் ஒரு நாளாவது எங்கள் முன்வாசலால் அவர் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

களவு போன அன்று பொலிஸ்காரர் வந்து கதவைப் பார்த்தார். இதால் வழக்கமாக ஆர் ஆர் வந்து போவார்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா மட்டும்தான் என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? ஆனால் சொல்லி வாய் மூடும்போது மனசுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்றது. சீ, என்ன நினைப்பு இது என்று தலையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இனி அலாரக் கதை. கணவர் செபமாலை அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்டில் வயர் இழுத்த மனுஷன், கைராசிக்காரர். வீட்டைச் சுற்றி இரண்டு தரம் நடந்து, கதவு ஜன்னல்களை எண்ணிவிட்டு, கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

கொழும்பில் பெட்டியோடு விற்கிறார்கள், சைரன் வைத்தது. விலையைக் கேட்டதும் கணவர் இருமத் தொடங்கினார். அடுத்தது, வயரில் எந்நேரமும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் வகை. கதவைத் திறந்தாலும் அடிக்கும், வயரை வெட்டினாலும் அடிக்கும். நல்ல சாமான்தான். ஆனால் பற்றரியைத் தின்று தீர்த்துவிடும், அதற்கென்று தனியாக வேறு சில உருப்படிகளும் வாங்க வேண்டும். மூன்றாவதுதான் எங்கள் தரவளி ஆட்களின் காசுக்கு ஏற்றது. கதவு நிலையில் இரண்டு பித்தளைத் தகடு, கதவு திறந்தால் இரண்டும் முட்டும், மணி அடிக்கும். அடித்தால்தான் பற்றரி செலவு. குறை ஒன்றே ஒன்று. கள்ளன் வயரைக் கண்டு வெட்டிவிட்டால் மணி ஊமை.

“அதால ஆருக்கும் சொல்லாதேங்கோ டீச்சர்,” என்றார் செபமாலை அண்ணை. “மலிஞ்ச அலாரத்துக்குப் பாதுகாப்பே அது இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாததுதான்.”

எங்களிடம் இருந்த காசுக்கு வயர் ஒரு கதவுக்குத்தான் காணும். கணவர் முன்கதவு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. முன்கதவால் வருவது தபால்காரரும் கலியாணக் கார்டு கொண்டு வருகிறவர்களும்தானே? ஆட்கள் புழங்குகிற கதவு குசினிக் கதவு, கள்ளனும் அதால்தானே வந்தான், அதற்கே பூட்டுங்கோ என்று தீர்ப்புச் சொன்னது நான். நல்ல புத்திசாலி என்று அன்றைக்கு என்னையே மெச்சிக்கொண்டேன்.

ரஹீமாவுக்கு மட்டும் சொல்லிவிடுவோமா என்று கணவரிடம் கேட்டேன். ஆருக்கும் என்றால் ஆருக்கும்தான் என்றார் அவர். நானும் விட்டுவிட்டேன். ரஹீமா வருகிற நேரம் பார்த்து சுவிட்சை நிறுத்தி வைத்தால் போயிற்று, இது என்ன பெரிய காரியம்?

சுவிட்ச் எங்கே? கள்ளன் கையில் அகப்படக்கூடாது என்று அறைக்குள், அலுமாரிக்குள். மணி எப்படிப்பட்டது? செபமாலை அண்ணை எங்கேயோ பழைய கப்பலில் கழற்றினது. அதன் சத்தம் உட்துறைமுகம் வரைக்கும் கேட்கும் என்று பெருமையாகச் சொன்னார்.

ஒரு கிழமை ஒழுங்காகப் போனது. பிறகு நோன்பு தொடங்கியது.

நோன்பு மாதத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கு ரஹீமா வீட்டுக் கஞ்சி எங்களுக்கு வரும். இஞ்சியும் பூடும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சின கஞ்சி. தான் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும்போது எங்களுக்குச் சுடச்சுடக் கொண்டு வருவார். முதல் நோன்பன்று நான் பள்ளிக்கூடத்தால் வந்த களைப்பில் முன்அறையில் கண்ணயர்ந்துவிட்டேன். சுவிட்ச் நிறுத்தவில்லை.

இரண்டு கையிலும் சட்டி. வழக்கம்போலத் தோளால் கதவைத் தள்ளியிருக்கிறார்.

மணி அடித்த அடியில் நான் துடித்து எழும்பிக் குசினிக்கு ஓடினேன். ஒழுங்கைச் சனம் அதற்குள் பின்வளவில் கூடிவிட்டது. ஒருவர் கையில் தோணித் துடுப்பு. ஊருக்குப் புதிதாக வந்த ஒரு மனுஷன் ரஹீமாவைப் பார்த்து, ஆர் நீ, இந்த வீட்டுக்குள் என்ன வேலை என்று அதட்டிக்கொண்டிருந்தார். கஞ்சி நிலத்திலும் ரஹீமாவின் காலிலும் கொட்டிக் கிடந்தது. ரஹீமா என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மணியை நிறுத்த அறைக்கு ஓடினேன்.

அலுமாரி பூட்டிக் கிடந்தது. திறப்பு அன்றைக்கு மறதியாகக் கணவரோடு கந்தோருக்குப் போயிருந்தது. கடைசியில் வயரைப் பிய்த்து இழுத்து மணியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், ஆட்கள் கலைந்திருந்தார்கள். சட்டி மட்டும் படியில் இருந்தது. ரஹீமா இல்லை.

அன்று மாலையே சட்டியைக் கழுவி, வாழைப்பழச் சீப்பு ஒன்றும் எடுத்துக்கொண்டு போனேன். ரஹீமாவின் கால் சிவந்து பொங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பித்தளைத் தகடு, மலிவு வகை, ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்ற கதை, எல்லாம். ரஹீமா சிரித்தார். “அதுக்கென்ன டீச்சர், மெஷினுக்கு ஆளைத் தெரியுமா?” என்றார். எனக்கு நெஞ்சுப்பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

அடுத்த நாளும் ஐந்து மணிக்குக் கஞ்சி வந்தது. முன்வாசலால் வந்தது. படியில் நின்று, “டீச்சர், வீட்டில இருக்கிறீங்களா?” என்று ஒரு குரல். போய்ப் பார்த்தால் ரஹீமா. உள்ளே வாருங்கோ என்றேன். அடுப்பில் வேலை கிடக்கிறது என்று சட்டியைத் தந்துவிட்டுப் போனார்.

நோன்பு முடியும்வரை கஞ்சி ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரு நாள்கூடக் குசினிக் கதவால் வரவும் இல்லை. அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கணவர் திருப்பிப் பொருத்தின மணியின் சுவிட்சையும் நிறுத்திவிட்டு, நான் காவல் இருந்து பார்த்தேன். ரஹீமா கோபித்துக்கொண்டு இரண்டு பேச்சுப் பேசியிருந்தால்கூட நான் அழுது தீர்த்திருப்பேன்.

பெருநாள் கழிந்து, தன் கணவருடைய கடையைக் கிண்ணியாவுக்கு மாற்றுகிறார்கள் என்று ரஹீமா சொன்னார். கன நாளாக யோசித்த காரியம் என்றும் சொன்னார். நான் நம்பினேன். நம்பத்தானே வேண்டும்?

போன வெள்ளிக்கிழமை சாமான் ஏற்றின லொறி ஒழுங்கையில் நின்றது. ரஹீமா பயணம் சொல்ல வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. மகளின் தலையைத் தடவி, நல்லாப் படிக்க வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“டீச்சர், கோவிக்காம ஒண்டு சொல்லுங்க. சங்கிலி போன அண்டைக்கு ஒங்கட மனசில என்ட பேர் வந்திச்சா?”

இல்லை என்றேன்.

உடனே சொல்லவில்லை. ஒரு மூச்சு விட்டுத்தான் சொன்னேன்.

ரஹீமா தலையை ஆட்டினார். என் இரண்டு கையையும் பிடித்து, போயிட்டு வாறன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். கேட்ட கையோடு வராத ‘இல்லை’ எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

மூன்று பிள்ளை வளர்த்த ரஹீமாவுக்குத் தெரியாதா?