பேசத் தொடங்கிய பிளேயர்

வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போடுகிறவர் பழனிமுத்து. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பார்வையில்லாமல் பிறந்து, பார்வையற்றோர் பாடசாலையில் தங்கிப் படித்து, வேலை தேடிக் கொழும்புக்கு வந்தவர். மனைவி இராமலெட்சுமியோடு கொட்டாஞ்சேனையில் குடியிருந்தார். மண்டபத்துச் சத்தத்தை வைத்தே, சனம் சாப்பாட்டுக்கு எழும்பிவிட்டதா, மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டாரா என்று அறிந்து பாட்டை மாற்றுவார். கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள்தான் அவருக்குக் கண்.

2008இன் தொடக்கத்தில் மண்டபத்துக் கணினி பழுதாகிப் போனது. முதலாளி சிவபாதசுந்தரம் புதிதாக ஒன்று வாங்கினார். பாட்டுப் போடும் மென்பொருளான பழைய பிளேயர் அதில் ஓடவில்லை. கடைக்காரர் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இன்னொரு பிளேயரைப் போட்டுக் கொடுத்தார். பார்க்க வடிவாக இருந்ததாம். ஆனால் எல்லாப் பொத்தானும் படம், ஒன்றுக்கும் பெயரில்லை. பழனிமுத்து எந்த விசையை அழுத்தினாலும் திரைவாசிப்பான் "பட்டன், பட்டன்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம், பழைய பிளேயரில் போலல்லாமல் அந்தக் குரலும் பாட்டும் ஒரே வழியில் ஸ்பீக்கருக்குப் போயின. ஒரு பிறந்தநாள் விழாவில், கேக் வெட்டும் நேரம், மண்டபம் முழுக்க "பட்டன், பட்டன்" என்று அந்த இயந்திரக் குரல் முழங்கியது. பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள். பழனிமுத்து அவசரமாக ஒலியை அடக்கினார்.

சனம் கலைந்த பிறகு முதலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு உம்மில கோவம் இல்லை, பழனிமுத்து. ஆனா வாற மாசம் முழுக்கக் கலியாணம். வேற ஆளைப் பாக்கட்டோ?"

"கொஞ்சம் பொறுங்க முதலாளி. அதைச் செஞ்சவங்களையே கேட்டுப் பாக்குறேன்."

"ஆர், பிளேயர் செய்தவையையோ? அவை எங்க இருக்கினமோ."

"எங்க இருந்தாலும் மெயில் போகுந்தானே."

முதலாளி பொறுக்கச் சம்மதித்ததும், பாடசாலையில் படித்த ஆங்கிலத்தில் அன்றைக்கே எழுதினார். பிளேயர் அழகாம், ஆனால் என்னோடு பேசமாட்டேன் என்கிறது என்று தொடங்கி, நடந்ததெல்லாம் சொன்னார். பதில் வராது என்றுதான் நினைத்தார். மறுநாளே வந்தது, டென்மார்க்கிலிருந்து. ஹென்ரிக் என்பவரும் சில நண்பர்களும் ஓய்வு நேரத்தில் செய்யும் பிளேயர் அது. "உங்கள் மெயிலைப் படித்துவிட்டுத் திரையை அணைத்து வைத்து முயன்று பார்த்தேன், என்னுடைய பிளேயரில் என்னாலேயே ஒரு பாட்டுப் போட முடியவில்லை. திருத்தி அனுப்புகிறேன், நீங்கள் சோதித்துச் சொல்வீர்களா?" என்று கேட்டிருந்தார்.

பழனிமுத்து உடனேயே சரி என்று எழுதினார். முதல் சோதனைப் பதிப்பு வந்ததும் வீட்டுக் கணினியில் போட்டார். "பிளே," என்றது. அடுத்த விசைக்கு, "ஸ்டொப்."

"லெட்சுமி, இங்க வா. பேசுது."

இராமலெட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பாட்டுத் தொடங்கியது. கூடவே குரலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடுகிற நொடிகளையெல்லாம் விடாமல் எண்ணத் தொடங்கியது. "இது பாட்டா, பள்ளிக்கூடமா?" என்று அவள் கேட்டதில் இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அதையும் எழுதினார். அடுத்த பதிப்பில், கேட்டால் மட்டும் நேரம் சொன்னது. அதற்கடுத்ததில் பாட்டு ஸ்பீக்கருக்கும் குரல் காதுக்குள்ளும் தனித்தனியே போயின. எந்த நிமிடத்தை அடிக்கிறாரோ அந்த இடத்துக்கே பாட்டுத் தாவவும் செய்தது. அதை மண்டபத்துக் கணினியில் ஏற்றிய வாரத்திலேயே ஒரு கல்யாணம் வந்தது.

அது யுத்த காலம். அன்று காலை எங்கோ படையினரின் சோதனை என்று வீதிகளை மூடிவிட்டார்கள். பழனிமுத்து அதற்கு முன்பே முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மேளகாரர்கள் வரவில்லை. தவில்காரர் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தார். "ஆமர்வீதியில மறிச்சுப் போட்டாங்கள் ஐயா. எங்கட வாகனத்தில இருக்கிற மேளமெல்லாம் இறக்கிப் பாக்கிறாங்கள். நேரத்துக்கு வரேலாது."

முதலாளி ஓடி வந்தார். "பழனிமுத்து, மேளமில்லாமல் தாலி கட்டுறதோ? ஏதும் இருக்கோ உம்மட்ட?"

"இருக்கு. இவங்களே போன மாசம் இங்க வாசிச்சதை ரெக்கோட் பண்ணி வச்சிருக்கேன். கெட்டிமேளம் நடுவுலதான் எங்கயோ வருது. தேடணும்."

"முகூர்த்தம் கிட்டுது."

பழனிமுத்து பதிவைக் காதுக்குள் மட்டும் ஓடவிட்டார். தாவித் தாவிக் கேட்டார். ஆலாபனை, இன்னும் ஆலாபனை, யாரோ இருமுகிற சத்தம், பிறகு தவில் பொங்கியது. நேரம் கேட்டார். குரல் சொன்னது. அந்த இடத்தில் நிறுத்தி, பதிவின் ஒலியை மட்டும் ஸ்பீக்கருக்கு மாற்றி, விரலை விசைமேல் வைத்தார். குரல் வெளியே போய்விடக் கூடாதே என்று இன்னொருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்," என்று ஐயர் கையை உயர்த்திக் கூவினார்.

விசையை அழுத்தினார். தவில் இடியாக இறங்கியது; நாதஸ்வரம் மேலே ஏறியது. வேறொரு குரலும் கலக்கவில்லை. அட்சதை விழுகிற சரசரப்பு அவருக்குக் கேட்டது. முன்வரிசைப் பெரியவர்கள் மேளகாரரைத் தேடித் திரும்பிப் பார்த்தார்களாம். சபை அமர்ந்ததும் முதலாளி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆளை மாத்திற கதையை மறந்திடும்," என்றார்.

ஹென்ரிக்குக்கு நடந்ததை எழுதியபோது கெட்டிமேளம் பதிவையும் அனுப்பினார். நண்பர்கள் எல்லோரையும் கூட்டி உட்கார்த்திக் கேட்கவைத்ததாக அவர் பதில் போட்டார். ஒரு மாதத்தில் பிளேயரின் புதிய பதிப்பு உலகத்துக்கே வெளியானது. பழனிமுத்து தனக்குத் தெரிந்த பார்வையற்றோர் எல்லோருக்கும் செய்தி சொன்னார்.

களனியில் இருந்த நிமல் அவரோடு கணினி வகுப்பில் படித்த சிங்கள நண்பர். அவரும் பார்வையற்றவர். அன்று மாலையே அவரிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் பேச்சில்லை, உரத்த பைலா, சிங்களத் துள்ளல் பாட்டு. அது சட்டென நின்றது, மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது.

"மச்சான், வெட கரனவா," என்றார் நிமல். பிளேயர் வேலை செய்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் பைலாவைப் போட்டார். பழனிமுத்து போனை ஸ்பீக்கரில் விட்டு, மேசையில் தாளம் போடத் தொடங்கினார்.