பாகூர் வீட்டு மரப்பாச்சிகள்

சைகோனில் காலையில் தெருக்கதவைத் திறந்தால் முதலில் என் கண்ணில் படுகிறவர்கள் காகித மனிதர்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் இந்த ஊர்க்காரி, அன்னாமியக் கிழவி பா ஹாய், மூங்கில் சிம்புகளில் வண்ணக் காகிதம் ஒட்டி ஆள், குதிரை, மாடிவீடு, செருப்பு என்று எல்லாம் செய்து, பசை காய்வதற்காக இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசற்படியில் வரிசையாக நிறுத்திவைப்பாள். வந்த புதிதில் குழந்தைகளுக்கு விற்கிற பொம்மைகள் என்றுதான் நினைத்தேன். பிறகு தெரிந்தது, இறந்துபோனவர்களுக்காக இவற்றை வாங்கி வாசலிலேயே கொளுத்துகிறார்கள். எரிந்தால்தான் அவர்களிடம் போய்ச் சேருமாம். நம் புதுச்சேரிப் பக்கத்தில் ஒரு பொம்மை வீட்டுக்குள் வந்தால் அதைத் துடைத்து, துணி சுற்றி, பெட்டியில் வைத்து, அடுத்த தலைமுறையிடம் கொடுக்கிறோம். இங்கே அதன் ஆயுள் ஒரு தீக்குச்சி வரைக்கும்தான். எத்தனை வருஷமாகியும் என் கண் இதற்குப் பழகவில்லை. அலுவலகம் போகிற அவசரத்தில் யாருடைய குதிரையையும் மிதித்துவிடாமல் படியிறங்குவது இன்றைக்கும் எனக்கு ஒரு வேலைதான்.

எங்கள் மகள் தனம் ஐந்தாவது வயதில் காய்ச்சலில் போனாள். என் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு பிறந்த ஒரே குழந்தை. ஊருக்கு வெளியே தமிழர்கள் அடக்கம் செய்கிற தோட்டத்தில் அவளைப் புதைத்தோம். சில நாள் கழித்து பா ஹாய் ஒரு காகிதச் சிறுமியைக் கொண்டுவந்து என் மனைவி பூங்காவனத்தின் கையில் கொடுத்தாள். சிவப்புச் சட்டை, கறுப்புப் பின்னல், காலுக்குச் செருப்புகூட இருந்தது. பூங்காவனம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அன்றிலிருந்து கிழவி எங்கள் வீட்டை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பொம்மையைக் காட்டி 'ச்சு' கொட்டினாள். தான் செய்ததன் அழகைத் தானே மெச்சிக்கொள்கிறாள் என்று நினைத்து நாங்களும் தலையாட்டி நன்றி சொன்னோம். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் என் சட்டையைப் பிடித்து இழுத்து, அவளுக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தைகளில், சின்னப் பெண்ணை எரி, எரி என்றாள். தனத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து முதலில் கையை உதறிக்கொண்டேன். துணைக்கு அனுப்ப வேண்டியதை நாங்கள் வழியில் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறோம், எங்கள் குழந்தை அங்கே தனியாக நிற்கிறது என்பதுதான் அவள் கவலை என்று நிதானமாகப் புரிந்துகொண்டு பூங்காவனத்திடம் சொன்னேன். அவள் அந்தக் காகிதப் பெண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரிச்சிட்டா ஒண்ணும் இருக்காதே" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது. சோறு, தண்ணீர், கதவு என்கிற அளவுக்கு வந்து நின்றது. தலை வாரச் சொன்னால் வாரிக்கொள்வாள், சொல்லாவிட்டால் இல்லை. எனக்கு ஊருக்குப் போக நீண்ட விடுமுறை கிடைத்தபோது அவளையும் கூப்பிட்டேன். குழந்தையை இங்கே தனியாக விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். பிறகு, மாதக்கணக்கில் தனக்கென்று எதுவும் கேட்காதவள், ஒன்று கேட்டாள். "அம்மா ஊட்டுல என் மரப்பாச்சி ரெண்டும் இருக்குது. அத எடுத்தாந்து குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அது பாகூரில் அவள் பிறந்த வீட்டுக் கொலுவில் மேல்படியில் நிற்கிற ஜோடி. செஞ்சந்தன மரம். கல்யாணமாகி அவள் கப்பலேறியபோதே தாயார் அதைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு பெண் குழந்தை பிறந்து, அது தன் கையால் படியில் பொம்மை வைக்கும் வயது வரட்டும், அப்போது வந்து எடுத்துக்கொள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். தனத்துக்கு அந்த வயது வந்திருந்தது. அடுத்த விடுமுறையில் மூன்று பேருமாகப் போய் எடுத்துவருவதாக இருந்தோம். தனம் அந்தப் பொம்மைகளைப் பார்க்காமலே அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். அதனால் பூங்காவனம் கேட்டபோது ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த இரண்டு மரத்துண்டுகளும் கையில் வந்தால் அவள் மறுபடி எழுந்து உட்காருவாள் என்று நம்பினேன். நம்புவதற்கு எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

புதுச்சேரியில் கப்பலிறங்கி நேராகப் பாகூர் போனேன். மாமனார் மாமியார் இருவரும் காலமான செய்தி முன்பே கடிதத்தில் வந்திருந்தது; வீடு கைமாறியதை யாரும் எழுதவில்லை. வீட்டில் யாரோ கரும்பு ஆலைக்காரர் குடியிருந்தார். மைத்துனன் இரண்டு தெரு தள்ளி ஒரு சிறு வீட்டில் இருந்தான். வீட்டை விற்க வேண்டி வந்ததென்றும், பழைய சாமான்களையெல்லாம் மொத்தமாக வில்லியனூர்ப் பாயிடம் போட்டுவிட்டதாகவும் சொன்னான். மரப்பாச்சி என்றதும் அவன் முகம் கறுத்தது. "அக்கா கேக்கும்னு நெனக்கல மாமா" என்று மட்டும் சொன்னான். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. கடல் கடந்து போனவர்கள் எதையும் கேட்கமாட்டார்கள் என்று ஊரில் இருப்பவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். நாங்களோ, விட்டுவந்ததெல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

வில்லியனூரில் தேரடிக்குப் பக்கத்தில் அந்தப் பழைய சாமான் கடை. பித்தளைக் குத்துவிளக்கு, ரசம் போன நிலைக்கண்ணாடி, மூடியில்லாத சீனத்து ஜாடி, சைகோன் அரக்குப் பெட்டி என்று கூரை வரைக்கும் குவியல். பாதிப் பொருள்கள் சைகோனில் எந்தக் கடைத்தெருவில் வாங்கியவை என்று என்னால் சொல்ல முடிந்தது. எங்களைப் போன்றவர்கள் விடுமுறைக்கு வரும்போது பெருமைக்கு வாங்கிவந்து கூடத்தில் அடுக்கியவை. பாய் என் கால்சட்டையைப் பார்த்ததுமே சைகோன்காரன் என்று புரிந்துகொண்டு, பிரெஞ்சுத் துரைகளை அழைப்பதுபோல் அழைத்தார். "சைகோனு போனவங்க ஊட்டு சாமானெல்லாம் சுத்தி சுத்திக் கடசில எங்கிட்டதான் வருது முசியே. ஆளுங்கதான் வர்றதில்ல" என்று சிரித்தார்.

குவியலில் மாமியாரின் மண் கிருஷ்ணனைக் கண்டுபிடித்தேன். உடைந்த புல்லாங்குழலுக்குப் பதிலாக அவர் செருகிய ஈர்க்குச்சி அப்படியே இருந்தது. ஆகவே இடம் சரிதான். மரப்பாச்சிகளைப் பற்றிக் கேட்டேன். பாய்க்கு உடனே ஞாபகம் வந்தது. "அது ரெண்டும் அபிஷேகப்பாக்கம் போயிடுச்சி. அஞ்சலைன்னு, நடவு வேலைக்குப் போற பொம்பள. கொலு வெக்கிற ஊடு இல்ல. எதுக்கும்மான்னு நான் கேக்கல. கேட்டா யாவாரம் ஆவுமா?" என்றார்.

கொலு வைக்காத வீடு என்றால் குழந்தை விளையாடத்தான் வாங்கியிருப்பார்கள் என்று தீர்மானித்தேன். மரம்; கீழே போட்டாலும் உடையாது. குழந்தையிடமிருந்து பிடுங்குவதாக இருக்கக் கூடாது, அதைவிடப் பெரியதாக ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யோசித்தேன். கடையில் ஒரு பீங்கான் பொம்மை இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஏதோ பிரெஞ்சுக் குடும்பத்தின் ஏலத்தில் பாய் எடுத்தது. நீலக்கண், லேஸ் வைத்த கவுன், ஒரு விரல் மட்டும் மூளி. படுக்கவைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். பாய் இரண்டு தரம் செய்து காட்டினார். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் கிளம்பினேன்.

போகிற வழியில் பிரெஞ்சு ஊர்களுக்கு நடுவே இங்கிலீஷ்காரர் எல்லை கொஞ்சதூரம் குறுக்கே வரும். ஒரே நெல்வயல்தான், நடுவில் ஒரு வரப்பு தாண்டினால் வேறு சர்க்கார். சாவடியில் சுங்கச் சேவகன் வண்டியை நிறுத்தி என் மடியைப் பார்த்தான். "இன்னா முசியே, தொரசாணிய மடியில வெச்சினு எங்க போறீங்க? ஊட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?" என்றான். வண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். தனம் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பொம்மையைக் கையில் வாங்கப்போகும் குழந்தையின் முகத்தை வழி முழுக்கக் கற்பனை செய்துகொண்டே போனேன்.

அஞ்சலை அப்போதுதான் கழனியிலிருந்து வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. முப்பது வயதுக்குள் இருக்கும். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவள் குனிந்து உள்ளே போய் ஆண் மரப்பாச்சியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கீறல்கூட இல்லை. இன்னொன்று என்று கேட்டேன். அவள் கதவோரம் இருந்த மருந்து உரைக்கும் கல்லுக்குப் பக்கத்திலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தாள்.

இடுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. முகமும் தோளும் மார்பும் இருந்த இடத்தில் மரம் சாய்வாக, வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் தெரிந்தது. சின்ன வயதில் சரிகை நூலை இறுக்கிக் கட்டிக் கட்டி விழுந்த தடம் என்று பூங்காவனம் எனக்குச் சொல்லியிருந்த அடையாளம்.

"செஞ்சந்தனம் சாமி" என்றாள் அஞ்சலை. "புள்ளைக்கு ஒடம்பெல்லாம் வீங்கிப்போச்சி. இத ஒரச்சிப் பூசுனா வத்தும்னாங்க. பொம்பளப் புள்ளைக்குப் பொம்பள பொம்மையத்தான் ஒரைக்கணும்னு சொன்னாங்க. காலீல ஒரப்பேன், கழனிக்குப் போயிட்டு வந்து ஒரப்பேன். மொகம் போச்சி, கழுத்து போச்சி. வத்தவேயில்ல."

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குள் முற்றிவிட்டது. மாசி மாதம் போய்விட்டதாம் அந்தக் குழந்தை.

வண்டியில் பீங்கான் பொம்மை உட்கார்ந்திருந்தது. அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பொம்மையைத் தூக்கினாள். தோளில் சாய்த்தாள். கண் மூடியது. நிமிர்த்தினாள். திறந்தது. மறுபடி சாய்த்து, மறுபடி நிமிர்த்தினாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது கண்ண தொறந்துக்குது சாமி. எடுத்துனு போங்க" என்றாள்.

என் மனைவியின் நிலைமையைச் சொல்லி, அந்தப் பாதிப் பொம்மையையாவது தர முடியுமா என்று ஒரே ஒரு தரம் கேட்டேன். கேட்காமல் வந்திருந்தால் பூங்காவனத்தின் முன்னால் நிற்க முடியாது. அஞ்சலை துணியை முடிந்துகொண்டாள். "ஆம்பளப் பொம்மைய எடுத்துனு போங்க. இத மட்டும் கேக்காதீங்க. அவ மேல பட்டதுல மிச்சம் இதுதான் கீது." இரண்டாம் தரம் நான் கேட்கவில்லை.

பீங்கான் பொம்மையைத் திரும்ப வில்லியனூர்க் கடையிலேயே வைத்துவிட்டேன். பாய் ஒன்றும் கேட்கவில்லை. விடுமுறையில் மீதி இருந்த நாட்களெல்லாம் பெண் மரப்பாச்சி ஒன்றைத் தேடி அலைந்தேன். மண்ணாடிப்பட்டு, பூரணாங்குப்பம், மறுபடி பாகூர் என்று விசாரித்த இடமெல்லாம் போனேன். கருங்காலியில் இருந்தது, வெறும் வேப்பமரத்தில் சாயம் பூசியது இருந்தது, கண்ணுக்கு மணி பதித்தது இருந்தது. எதையும் ஒற்றையாகத் தர யாரும் சம்மதிக்கவில்லை. ஜோடியைப் பிரித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். கொடுத்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது தன்னுடையதல்ல என்று சொல்லிவிடுவாள். அது தெரிந்தும் தேடினேன். வெறுங்கையோடு கப்பலேறக் கால் வரவில்லை.

சைகோனில் வீட்டுக்குள் நுழைந்ததும் துணி முடிச்சை அவள் மடியில் வைத்தேன். அவள் பிரித்து, ஆண் பொம்மையை எடுத்து, துணியை உதறிப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் விழவில்லை. நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்: மைத்துனன், பாய், அஞ்சலை, பிள்ளையின் வீக்கம், மருந்து உரைத்த கல். அந்தப் பிள்ளை போனதை மட்டும் சொல்லவில்லை. அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இப்படிக் கவனித்து அவள் கேட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சொல்லிமுடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருந்ததை நான் பார்த்தேன்.

"அந்தப் புள்ள பொழச்சிச்சா?" என்றாள்.

வீட்டில் வேறு யாருமில்லை. இடையில் ஒரு சமுத்திரம் இருந்தது. ஆம் என்று நான் சொல்லியிருந்தால் யார் போய் விசாரிக்கப்போகிறார்கள்? இதைப் படிக்கிறவர்களில் சிலர் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கக்கூடும். ஆனால் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட்கிறாள். கல்லில் அந்த மரத்தைத் தேய்த்த கையை நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இல்லை என்றேன்.

அவள் கண்ணிலிருந்த வெளிச்சம் போன இடம் தெரியவில்லை. ஆண் பொம்மையைத் துணியில் திரும்பச் சுற்றிக்கொண்டே, "எங்க பொதச்சாங்களாம்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. நான் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

அதற்குப் பிறகு நவராத்திரிகள் வந்துபோயின. எங்கள் வீட்டில் படி கட்டவில்லை. ஒற்றை ஆண் பொம்மையை மேல்படியில் நிறுத்த முடியாது. அவன் பெட்டிக்குள் இருக்கிறான். ஊருக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னால், இவளை விட்டுவிட்டா என்கிறாள். சரி, இங்கேயே இருந்துவிடலாம் என்றால், அங்கே ஒன்று கிடக்கிறதே என்கிறாள். அபிஷேகப்பாக்கத்தில் ஆற்றோரமா, கழனி மேடா என்று இன்னும் என்னிடம் கேட்கிறாள். முகம் தெரியாத ஒரு குழந்தைக்கு அவள் எப்படி உறவானாள் என்று நான் விளக்கப்போவதில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: ஞாயிற்றுக்கிழமை தனத்தைப் புதைத்த தோட்டத்துக்குப் போகும்போது பூக்காரியிடம் இரண்டு முழம் வாங்கி, தனித்தனியாக நறுக்கித் தரச் சொல்கிறாள். ஒரு முழத்தைத் தனத்தின் மேட்டில் வைக்கிறாள். இன்னொன்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்கிறாள். பிறகு அதை வைக்க இடமில்லாமல் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவருகிறாள்.