பின்முற்றத்தில் விழுந்த தொப்பி

இறகு செருகிய பச்சைத் தொப்பி ஒன்று சரளைக்கல்லில் விழுந்து, குப்பைத்தொட்டி வரைக்கும் உருண்டு போய் நின்றது. அப்போது அந்த உணவு விடுதியின் பின்முற்றத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், அண்ணையின் மச்சான், அவர் டோர்ட்மண்ட் நகரத்திலிருந்து வான் வண்டியில் கூட்டிவந்த பெடியள் இரண்டு பேர், தொப்பிக்குச் சொந்தக்காரர். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணை, கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மற்றவன் அந்தக் கையை முறித்தவன்.

அண்ணை என் பெரியம்மாவின் மகன். அந்த விடுதியில் பதினெட்டு வருடமாகச் சமையல் வேலை. என்னை ஜேர்மனிக்குக் கூப்பிட்டு, தன் ஊரின் முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பயிற்சிக்கு இடம் பிடித்துத் தந்தவரும் அவர்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்தவன் நான் ஒருவன். அப்பா கல்லுடைத்தார், அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். மலை உச்சியில் மூவாயிரம் சனம் உள்ள அந்த ஊரில் தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். கடைக்குப் போனால், நேற்று நான் என்ன வாங்கினேன் என்பது காசு வாங்குகிற பெண்ணுக்கு நினைவிருக்கும். யாரும் முகம் சுளித்ததில்லை. யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டதும் இல்லை.

முதல் குளிர்காலத்தில் எனக்குப் பனியில் நடக்கத் தெரியாது. என் அறையிலிருந்து பஸ் தரிப்பிடம் செங்குத்தான இறக்கத்தில் இருந்தது. காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருவேன், வழுக்குவேன், வேலியைப் பிடிப்பேன். சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “லாங்சாம், லாங்சாம்” என்பார். மெதுவாக வா என்று அர்த்தம். அட்டவணைப்படி அங்கே நிற்க வேண்டியது அரை நிமிடம். அவர் எனக்காக இரண்டு நிமிடம் நிற்பார். நரைத்த மீசை, நீலச் சீருடை. அதைத் தவிர அவரைப்பற்றி எனக்கொன்றும் தெரியாது. கேட்டதுமில்லை.

ஆடி மாதத்தில் அங்கே துப்பாக்கிச் சங்கத்தின் திருவிழா நடக்கும். ஊரின் ஆம்பிளைகள் எல்லாரும் பச்சைக் கோட்டும் இறகுத் தொப்பியும் போட்டு, வாத்தியக்காரர் முன்னே போக அணிவகுத்துப் போவார்கள். விழாவின் முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், அண்ணை குப்பை கொட்டப் பின்முற்றத்துக்குப் போயிருக்கிறார். குடிவெறியில் நின்ற ஒருவன் அவரைத் தள்ளி விழுத்தி, வலது கையில் ஏறி மிதித்திருக்கிறான். மூன்று விரலும் மணிக்கட்டும் முறிந்தன. கரண்டி பிடித்த கை.

ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அண்ணை மூக்குக்கண்ணாடி இல்லாமல், ஊசி மயக்கத்தில் இருந்தார்.

“அடிச்ச ஆளெப்பிடி அண்ணை?”

“பச்சைக் கோட்டு... பொலிஸிட்டச் சொல்லியாச்சடா. அவையள் பாத்துக்கொள்ளுவினம். என்னைத் தூக்கினது...”

மிச்சத்தை நான் கேட்கவில்லை. எழும்பி வெளியே வந்து, நடைபாதையில் நின்று அண்ணையின் மச்சானுக்கு ஃபோன் எடுத்தேன். எங்கள் ஆக்களில் ஒருவனுக்கு அடி விழுந்தால் டோர்ட்மண்டுக்கு எடுப்பது வழக்கம். ஏன், எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எத்தனை பேர் வேணும் என்றுதான் கேட்பார்கள்.

ஞாயிறு மத்தியானம் வான் வந்தது. கிரிக்கெட் விளையாடும் பெடியள். மட்டைகள் பின்சீட்டில் கிடந்தன. ஊர்வலம் போகும் தெருவில் வானை நிறுத்திவிட்டு மச்சான் வெளியே பார்த்தார். நானூறு பேர், நானூறு பச்சைக் கோட்டு.

“தம்பி, என்னடா இது? ஊர் முழுக்க ஒரே துணியில தைச்சுப் போட்டுக்கொண்டு நிக்குது. இதில ஆரெண்டு பிடிக்கிறது? சீட்டுக் குலுக்கிப் போடுவமோ?”

பின்சீட்டில் இருந்த ஒருவன், “சொசேச் மணக்குதண்ணை. ஆளுக்கொண்டு திண்டிட்டுப் போவம்” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வான் திரும்பியிருக்கலாம். மச்சான்தான் நிறுத்தினார். “வெறுங்கையோட போனா ஊன்ட்றொப் அம்மன் கோயில்ல எங்கட சனத்தில ஆரின்ர முகத்தில முழிக்கிறது? படிச்சவன் எண்டு உன்னை நம்பியெல்லோ வந்தனாங்கள்.”

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. முற்றத்தைக் காட்டுகிறேன் என்று விடுதியின் பின்பக்கம் கூட்டிப்போனேன். பெடியள் மட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அங்கே ஒருவர் பச்சைக் கோட்டோடு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, சரளைக்கல்லில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வலது கைமடிப்பில் கழுவியும் போகாத மண்ணிறக் கறை. இரத்தம் என்று எனக்குத் தெரிந்தது; முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவனுக்கு அது தெரியும். அடித்தவனிடம் இரத்தம் இருக்கும், அடித்தவன் அடித்த இடத்துக்குத் திரும்பி வருவான் என்று கணக்குப் போட்டேன். வகுப்பில் முதலில் கை உயர்த்துகிறவனைப் போலச் சொன்னேன்: “இவன்தான்.”

ஒரு பெடியனின் மட்டையால் முதல் அடி முழங்காலின் பின்பக்கம் விழுந்தது. பச்சைக் கொப்பு முறிகிற மாதிரிச் சத்தம். அவர் மண்டியிட்டார், தொப்பி உருண்டது. நான் கிட்டப் போய் விலாவில் உதைத்தேன். என் சப்பாத்துக்குக் கீழே எலும்பு இளகியதை என் கால் இன்னும் மறக்கவில்லை. மற்றவன் மட்டையைப் பக்கவாட்டில் வீசினான். அது முகத்தில் பட்டது. இடது கண்ணிலிருந்து இரத்தம் மீசைக்குள் இறங்கியது. அவர் இடது கையை உயர்த்தி, “லாங்சாம்... லாங்சாம்” என்றார்.

மீசையை அப்போதுதான் பார்த்தேன்.

“விடுங்கோ. ஆள் மாறிப்போச்சு, விடுங்கோ” என்றேன். சொன்னேனே தவிர, குறுக்கே விழவில்லை. இன்னும் இரண்டு அடி விழுந்த பிறகுதான் மட்டை நின்றது. அவருடைய வலது கை மூடியபடியே கிடந்தது. விரல்களை விரித்துப் பார்த்தேன். உள்ளே அண்ணையின் மூக்குக்கண்ணாடி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

“ஏறடா வானில” என்று மச்சான் கத்தினார். நான் ஏறவில்லை. அம்புலன்சுக்கு எடுத்தேன், பிறகு பொலிஸுக்குப் பெயர்களைச் சொன்னேன்.

அண்ணை சொல்லி முடிக்காத மிச்சத்தைப் பொலிஸ்காரியிடம் கேட்டேன். சனிக்கிழமை அண்ணையைத் தூக்கி, தன் கழுத்துப்பட்டியால் கையைக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர் பஸ் சாரதி. அந்தக் கறை அண்ணையின் இரத்தம். கோட்டு ஒன்றுதான் இருந்ததால் கழுவி மறுநாளும் போட்டிருக்கிறார். அடித்தவன் வெளியூர்க்காரன், அவன் போட்டிருந்தது மழைக்குப் போடும் பச்சைக் கோட்டு. அவனுடைய கார் இலக்கத்தைக் குறித்துக் கொடுத்தவரும் சாரதிதான். நாங்கள் வானை நிறுத்தியபோது அவன் பொலிஸ் கூண்டில் இருந்தான்.

மச்சானும் பெடியளும் சிறைக்குப் போனார்கள். எனக்குத் தண்டனையை ஒத்திவைத்தார்கள். டோர்ட்மண்டில் என் பெயர் ‘காட்டிக் குடுத்தவன்’. அம்மா ஃபோனில் அழவில்லை. “படிச்சு என்னத்தைக் கண்டனி?” என்று மட்டும் கேட்டா. ஆள் கிடைக்காத காரணத்தால் முதியோர் இல்லம் என்னை வைத்துக்கொண்டது. இப்போது ஐந்தே முக்கால் பஸ்ஸை ஒரு பெண் ஓட்டுகிறா. அரை நிமிடம் நிற்பா. பிறகு கதவு மூடும்.

போன ஆடியில் ஊர்வலம் பார்க்கப் போனேன். அவர் அணியில் இல்லை. அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு, பொல்லை ஊன்றித் தெருவோரம் நின்றார். தெரிந்தவர்கள் போகும்போது தொப்பியைத் தொட்டார். நான் அவருடைய இடப்பக்கம் போய் நின்றேன். அந்தப் பக்கம் அவருக்குக் கண் தெரியாது. மன்னிப்புக் கேட்க வேண்டிய வசனத்தைப் பிழையில்லாத ஜேர்மனில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஊர்வலம் முடியும்வரை நின்றுவிட்டு, அவர் திரும்புமுன் வந்துவிட்டேன்.

கண்ணுக்கும், காலுக்கும், இனி ஓட்ட முடியாத பஸ்ஸுக்கும் சேர்த்து நாங்கள் கட்ட வேண்டுமென்று நீதிமன்றம் போட்ட தொகை ஐம்பத்தாறாயிரம் யூரோ. அதில் எனக்காகக் கட்டிய முப்பதாயிரம், சொந்தமாக ஒரு சாப்பாட்டுக்கடை திறக்கச் சேர்த்து வைத்திருந்த, அந்த முற்றத்துக்கு அன்று வராத அண்ணையுடையது.