மச்சான் கட்டிய கடற்சுவர்

சுவர் முடிந்த அன்று மச்சான் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அலங்காநல்லூர்ப் பக்கம் காளையைப் பார்க்க வந்தவர் முன்னால் வளர்த்தவன் தட்டிக் காட்டுவானே, அப்படி. "மாப்ள, இனிமே இந்தக் கடலு இங்கிட்டு எட்டிப் பாக்கட்டும் பாப்போம்" என்றார். நான் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சுவரில் ஒரு பங்கு என்னுடையது. எனக்கும் அவரளவு பெருமை.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்குக் கரை கட்டித் தரும் ஒப்பந்தக்காரர். ஏட்டுப் படிப்பு அதிகமில்லை. ஆனால் ஒரு கரைமேல் ஏறி நாலு எட்டு நடந்தால் போதும், தண்ணீர் எந்த இடத்தில் உடைக்கும் என்று செருப்பைக் கழற்றி வைத்து அடையாளம் காட்டிவிடுவார். நானோ கல்லூரியை முடித்து, வரைபட வேலையும் கற்று, உலகத்தையே அடிக்கோல் வைத்துத் திருத்திவிடலாம் என்று துடித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மதுரைத் தெற்கு மாசி வீதி நூல் வியாபாரி ஒருவர், மனைவியின் இளைப்பு நோய்க்குக் கடற்காற்று நல்லது என்று வைத்தியர் சொல்லக் கேட்டு, ராமநாதபுரத்துக்குக் கிழக்கே ஒரு மீனவர் குப்பத்தருகே பங்களா கட்ட ஆசைப்பட்டார். தண்ணீரோடு மல்லுக்கட்டத் தெரிந்தவர் என்று அவர் அறிந்த ஒரே ஆள் மச்சான்.

வாங்கிய இடத்துக்கும் கடலுக்கும் நடுவே அடப்பங்கொடி படர்ந்த மணல்மேடு ஒன்று இருந்தது. கட்டிலில் படுத்தபடியே கடல் தெரிய வேண்டும் என்றார் வியாபாரி. மேட்டை வெட்டிச் சமன் செய்தோம். கண்மாய்க் கரைக்குக் கல் வைப்பதுபோல அந்த இடத்தில் மச்சான் நேர்நிமிர்ந்த சுவர் எழுப்பினார். முற்றம் முழுக்கக் காரை போட்டு, கூரைத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் சேர்த்து, சுவரில் துவாரம் வைத்துக் கடல்பக்கம் விட்டது என் யோசனை. கண்மாய் நிரம்பினால் மறுகால் வழியாக வெளியேறுகிறதே, அதுபோல என்று விளக்கினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படிச்சவன் படிச்சவன்தான்டா" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் குப்பத்தில் கரைவலைக்காரர் ஒருவர் இருந்தார். படகில் போய்ப் பெரிய வலையை வளைத்து விட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கும். அந்த ஒரு வலையை நம்பித்தான் அங்கே அடுப்பு எரிந்தது. மேட்டை வெட்டும்போது அவர் வந்து, "அதைத் தொடாதீக. கடலு கேக்கிறப்ப குடுக்க எங்ககிட்ட உள்ள கையிருப்பு அதுதான்" என்றார்.

"அண்ணே, நீங்க மீனைப் பாருங்க. கல்லை நாங்க பாத்துக்கிறோம்" என்று மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து வெள்ளையடிக்கப் போனோம். சுவர் அப்படியே நின்றது, மணல்தான் இல்லை. ஒவ்வொரு அலையும் சுவரில் முட்டி, திரும்பும்போது காலடி மணலை வாரிக்கொண்டு போனது. என் வாய்க்கால் செய்தது அதைவிட மோசம். பெய்த மழையெல்லாம் ஒரே தாரையாக விழுந்து ஆளுயரப் பள்ளம் பறித்திருக்க, அந்த வழியே கடல் உள்ளே புகுந்திருந்தது. கயிறு இழுக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் தடுமாறினார்கள். எங்கள் கண்ணெதிரே வலையைப் பாதியில் விட்டார்கள். பெண்கள் காலிக் கூடைகளோடு சுவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மதுரைக்காரரே. உங்க சுவரு சொகமா இருக்கு. நாங்கதான் எங்கிட்டு நிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறோம்" என்றார் வலைக்காரர்.

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு அலையோரம் இறங்கினார். இரண்டு நாள், கடல் வற்றும்போதும் ஏறும்போதும், தண்ணீர் எட்டும் இடங்களில் பனைமட்டைகளைக் குத்திவிட்டு, பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிலவு, காற்று, நீரோட்டம் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். "சித்த சும்மா இரு மாப்ள" என்றார். மூன்றாம் நாள் அவராகவே பேசினார்: "கண்மாயில தண்ணி நிக்கும், நாம கரையை நிறுத்துனோம். இங்க கரையே வாரதும் போறதுமா நடந்துக்கிட்டு இருக்கு. நடக்கிறதைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுட்டோமேடா."

"வாய்க்கால் நான் வரைஞ்சது, மச்சான்."

"ஊரையே கெடுக்க அம்புட்டுப் பெரிய ஆளா நீ? பேசாம வா."

மதுரைக்கு வந்ததும் நேரே வியாபாரி வீட்டுக்குப் போனார். சுவரை இடித்து, முன்பக்க அறையையும் பிரித்துப் பின்னால் கட்டித் தருவதாகச் சொன்னார். கட்டியதைத் தானே இடிக்கிறவனுக்கு இந்த ஊரில் இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று வியாபாரி கத்தினார். அது வெறும் மிரட்டல் இல்லை என்பது மச்சானுக்கும் தெரியும். தலையைக் குனிந்தபடி நின்றாரே தவிர, நகரவில்லை. மழைக்கு நடுவே பங்களாவில் சில நாள் தங்கிப் பார்த்துத் திரும்பியிருந்த வியாபாரியின் மனைவி உள்ளேயிருந்து வந்தார். "கண்ணு முழிச்சாக் கடலு தெரியணும்னீக. இப்பக் கட்டிலுக்கு அடியிலயே வந்து தொம்மு தொம்முன்னு இடிக்குது. இளைப்புக்குப் போன எடத்துல உறக்கமும் போச்சு. அவுக இடிக்கட்டும்" என்றார்.

கற்களை வலைக்கயிற்றால் கட்டி இழுத்தது குப்பத்து ஆட்கள்தான். வாய்க்காலை அடைத்து, மழைத் தண்ணீரை வீட்டுக்குப் பின்னால் ஒரு குழியில் இறங்கவிட்டோம். மீந்த மணலைக் குவித்து, அது பறந்து போகாமல் பிடித்துவைக்க அடப்பங்கொடி நட்டோம். மதுரையில் மச்சானுக்கு 'இடிகரையார்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு வருஷம் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. அக்கா மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இப்போதும் யாராவது கடலோரத்தில் வீடு என்று வந்தால், மச்சான் "மழைத் தண்ணி எங்கிட்டுப் போகும்? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்கிறார். பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள்.

பங்களாவுக்குத் தெற்குப் பக்கம் போன மணல் போனதுதான். வடக்கே மட்டும், இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு, ஒரு வலை இழுக்கும் அகலத்துக்கு மெல்லத் திரும்பி வந்தது. வலைக்காரர் ஆள் அனுப்பினார், போனோம். கயிற்று நுனியை மச்சான் கையில் கொடுத்து, "காலை ஊனி இழுங்க மதுரைக்காரரே" என்றார். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்தார். அந்த வித்தை அவருக்குச் சுத்தமாக வரவில்லை. மூன்று முறை மல்லாக்க விழுந்தார். கூடை வைத்திருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நாலாவது முறை விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் பதறி ஓடினேன். வானத்தைப் பார்த்துக் கிடந்தபடியே சொன்னார்: "விழ எடமிருக்கு, மாப்ள."