என் மூக்குக்கு எட்டாத வாடை

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முந்தைய மழைக்காலம். செங்கோட்டை ரயில் நிலையத்தில் கருவாட்டு மூட்டைகள் நனைந்து அழுகிக் கிடந்தன. செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். எல்லோரும் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். நான் மட்டும் மூட்டையருகில் நின்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"பத்திரிகைக்கார அண்ணாச்சிக்கு மூக்கு செத்துப்போச்சு வே" என்றார் ஒரு சுமைகூலி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூக்கு வறண்டிருந்தது. காலையில் பச்சைப் பொருக்கு வரும். தூசி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர் என் முதுகுப்பக்கத்தை விட்டு நகரவில்லை. முன்னால் வரச் சொன்னேன்.

"கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி. உங்க மூக்குலருந்து வாடை அடிக்குது. நிக்க முடியல."

தென்காசியில் வீட்டுக்குத் திரும்பி மனைவி கோமதியிடம் கேட்டேன்.

"தெரியும்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்ல? கிட்ட வந்தா மூச்ச அடக்கிக்கிடுவேன். சாயந்தரம் சாம்பிராணி போட்டுக்கிடுவேன்."

அந்தச் சாம்பிராணியைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் சிறு விளக்கால் மூக்கினுள் பார்த்தார். "சளின்னா எல்லாருக்கும் அருவருப்பு. ஆனா வாசனை அந்த ஈரத்துல கரைஞ்சாத்தான் நரம்புக்குப் போகும். உங்களுக்கு ஊத்தே வத்திப்போச்சு" என்றார். சுரப்பிகள் (ஈரத்தை ஊறவைக்கும் நுண்ணிய முடிச்சுகள்) சுருங்கிவிட்டன. காய்ந்த பொருக்கில் கிருமி தங்கி நாற்றம் எடுக்கிறது. மணம் அறியும் திறனும் கூடவே போய்விடுவதால் நோயாளிக்கு மட்டும் அது தெரிவதில்லை.

"திரும்ப ஊறுமா?"

"நாத்தத்தக் கொறைக்கலாம்" என்றார்.

காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறேன். பிறகு கிளிசரின் தோய்த்த பஞ்சை உள்ளே வைக்கிறேன். முதலில் ரத்தம் வந்தது; உங்களுக்கு வந்தாலும் பயப்பட வேண்டாம். பொருக்கு குறைந்தது. மணம் வரவில்லை. மூக்கு வறண்டு பொருக்கு வந்தால் உங்கள் வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். பதில் சொன்னவர்மீது கோபப்படாதீர்கள்.

இப்போது என் பொழுது ஒரு கழுவலிலிருந்து மறு கழுவல்வரை நீள்கிறது. இடைப்பட்ட நேரத்தில் என் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே அறிகிறேன்.

நேற்று மதியம் கோமதி அருகில் வந்து படுத்தாள். அவள் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. வாடை போய்விட்டதா, அவளுக்குப் பழகிவிட்டதா? கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

"ஏன் திரும்புதீய?" என்றாள்.

"வெளிச்சம் கூசுது" என்றேன்.