கழுத்தில் கட்டிய நெறியும் நான் எழுதிய மனுவும்

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. படிப்பு எட்டாவதோடு சரி. மீதியெல்லாம் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் வாயிலிருந்து பொறுக்கியது. சாதிச் சான்றிதழுக்காக நாலாவது தடவை கல்வராயன் மலையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருத்தி, "பெருசா எழுது தாயி. சின்னதா எழுதுனா ஆபீசருக்குக் கண்ணு தெரியாது" என்றாள். அதற்குப் பிறகு நான் எதையும் சின்னதாக எழுதியதில்லை. நாலு ஓடு உடைந்தால் என் மனுவில் கூரையே பறந்துவிடும். ஒரு ஆடு செத்தால் பட்டியே காலி.

போன வருஷம் எனக்கே இடது காதுக்குக் கீழே, கழுத்தின் பின்பக்கமாக நெறி கட்டியது. புளியங்கொட்டை அளவு இருக்கும். நெறி கட்டினால் பக்கத்தில் எங்காவது புண் இருக்கும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியில் பங்சர் தேடுகிற மாதிரி என் தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

"புண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. மண்டைக்குள்ளாறதான் இன்னா கீதுன்னு தெரியல" என்றார்.

மூன்று வாரம் ஆயிற்று. சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று கட்டியது. அதோடு அவர் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இரண்டு பேர் மனசிலும் ஓடிய அந்தப் பெரிய வியாதியின் பெயரை இரண்டு பேருமே வாய் திறந்து சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நான் வெறுங்கையோடு போகவில்லை. முழு வெள்ளைத்தாளில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். 'பொருள்: கழுத்துக் கட்டி தொடர்பாக உடனடி நடவடிக்கை கோருதல்.' மனுவில் மூன்று வாரக் காய்ச்சல் மூன்று மாதமாகியிருந்தது. பத்து கிலோ எடை குறைந்திருந்தது. இருமல் இருந்தது, அதில் ரத்தமும் இருந்தது. கூட்டமான இடம், சும்மா போனால் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். நடவடிக்கை உடனே ஆரம்பித்தது. சளி துப்ப ஒரு டப்பா கொடுத்தார்கள். வராத இருமலை இருமி இருமித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். டப்பாவில் விழுந்தது எச்சில். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். கடைசியில் கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு நெறியை அப்படியே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

"நெறிக்குள்ள செல்லுங்க அங்கங்க செத்துக் கிடக்குது. காசநோய்க் கிருமி இல்ல. புற்று மாதிரியும் தெரியல. அபூர்வமா வர்ற ஒரு அழற்சி இருக்கு, அதுவா இருக்கும்னு ஸ்லைடு பார்த்தவங்க நினைக்கிறாங்க. ஆனா அதுல பத்து கிலோ குறையாதுங்க. ரத்தமா இருமல் வராது. நீங்க எழுதினது நிஜம்னா, இதை நம்பி விட முடியாது. நெஞ்சு, வயிறெல்லாம் ஸ்கேன் பண்ணித் தேடணும்" என்றார்.

இத்தனை வருஷத்தில் என் எழுத்தை வரிக்கு வரி அப்படியே நம்பிய ஒரே ஆபீசர் இவர்தான்.

"எத்தனை கிலோ இருந்தீங்க?"

"எடை பார்த்ததே இல்லீங்க."

"ஜாக்கெட் லூசாச்சா?"

"இல்லீங்க. டைட்டாத்தான் கீது."

"ரத்தம்?"

"அன்னிக்கு வெத்தலை போட்டிருந்தேங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற நர்சம்மா, "ஏம்மா, பொய் சொல்றதுக்கு வேற எடம் கெடைக்கலியா ஒனக்கு?" என்றார்.

"இப்ப நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

சொன்னேன். மூன்று வாரம் காய்ச்சல். கழுத்தைத் திருப்பினால் வலி. அசதி. நாலாவதாக ஒன்று சேர்க்க நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன்.

"இதுதான் அந்த அழற்சி. இது சரியா ஒத்துப்போகுது" என்றார். அதற்கு வாயில் நுழையாத ஒரு ஜப்பான் பெயர். உடம்பின் காவல் படையே நெறிக்குள் புகுந்து கலாட்டா செய்துவிட்டுச் சில மாதத்தில் தானாக ஓய்ந்துவிடுமாம். காய்ச்சலுக்கு மாத்திரை போதும். எப்போதாவது இது மூட்டையும் தோலையும் தாக்குகிற வேறொரு வியாதிக்கு முன்னோடியாக இருக்குமாம். அதனால் அவ்வப்போது ரத்தம் பார்க்க வரவேண்டும். "மூட்டு வலிச்சா, முகத்துல தடிப்பு வந்தா சொல்லுங்க. வந்தா மட்டும்" என்றார்.

வெளியே பெஞ்சில் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"இன்னா சொன்னாங்க?"

"அது இல்லியாம்."

"எது?"

"நாம நெனச்சமே, அது."

அவர் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதை ஒரு வரி விடாமல் ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் கடைசிப் பையன் பத்தாவது படிக்கிறான்.