பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவே ஒரு கணையம்

ஆஸ்பத்திரியில் பேச்சை மொழி மாற்றிச் சொல்லும் வேலையில் ஒரு வசதி உண்டு: டாக்டரின் கோபமும் நோயாளியின் கோபமும் வேறெங்கும் போகாமல் நேரே நம்மிடம் வந்து சேரும். இரண்டு பேருக்கு நடுவில் நின்று மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

காரைக்காலில் கொடி மாறிவிட்டது, பிரெஞ்சு டாக்டர் மட்டும் மாறவில்லை. பெண் நோயாளிகள் கம்பவுண்டர் மூலம் பேச மறுத்தார்கள். பிரெஞ்சும் சேர்த்துப் படித்து பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்த என்னை அப்பா அங்கே சேர்த்துவிட்டார். ஒரு வருஷ வேலை. அதில் செய்னம்பு நாச்சியாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெயர் கேட்டிராத உறுப்பு

கோட்டுச்சேரியிலிருந்து அண்ணனோடு வந்தார். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் சைகோனில் துணிக்கடை வைத்திருக்கிறான், அவன் ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கண் மஞ்சள், தோல் மஞ்சள், ராத்திரி பகல் சொறிந்து சொறிந்து கையெல்லாம் கீறல். மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தும் கேட்கவில்லை. சிறுநீர் டீத்தண்ணி மாதிரி, மலம் சுண்ணாம்பு மாதிரி, உடம்பு பாதியாக இளைப்பு. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பித்தப்பை வீங்கியிருந்தது, ஆனால் வலி இல்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "கணையம்" என்று நான் சொன்னதும் அண்ணன், தங்கை, கம்பவுண்டர் மூவரும் என்னையே பார்த்தார்கள். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் உறுப்பு, சாப்பாட்டைச் செரிக்க நீர் சுரப்பது என்று விளக்கினேன். நாச்சியா தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அம்பத்தஞ்சு வருஷமா என் கூடவே இருந்திருக்கு, இப்பத்தான் சலாம் சொல்லுதாக்கும்!"

வராந்தா வழக்கு

எக்ஸ்ரே எடுத்த பிறகு டாக்டர் அண்ணனையும் என்னையும் வெளியே கூப்பிட்டார். கணையத்தின் தலைப்பக்கம் ஒரு கட்டி. அது பித்தக் குழாயை நெரிப்பதால்தான் மஞ்சள். அநேகமாகப் புற்றுநோய், வயிற்றைத் திறந்தால்தான் உறுதி. வழிகளையும் சொன்னார். கட்டியை அடியோடு எடுப்பது பெரிய ஆபரேஷன். செய்யத் தெரிந்த கைகள் சென்னை மாதிரி ஊரில்தான், செய்துகொண்டவர்களிலும் பலர் பிழைப்பதில்லை. இவருக்குக் கட்டி முற்றிய மாதிரி இருக்கிறது, அதனால் சிபாரிசு செய்யமாட்டார். இரண்டாவது, பித்தப்பையைக் குடலோடு இணைத்து வேறு வழி விடுவது. மஞ்சளும் அரிப்பும் போகும், நோய் போகாது, சில மாதம் நிம்மதியாக இருக்கலாம். மூன்றாவது, கத்தி வைக்காமல் வலிக்கு மட்டும் மார்ஃபின். கட்டியைக் கதிரால் சுடும் மின்சார வைத்தியம் என்கிறார்களே என்று நானே கேட்டேன். இந்தக் கட்டி அதற்கு மசியாது என்றார்.

இதை நாச்சியாவிடம் சொல்ல வேண்டும் என்றேன். அண்ணன் கூடாது என்றார். நாச்சியாவின் உடம்பு, அவர் உயிர், அவர் மகன்; கடிதம் போய்க் கப்பல் வர எத்தனை வாரம் ஆகும் தெரியுமா என்று நான் வாதாடினேன். பல்கலைக்கழகப் பட்டிமன்றத்தில் இந்த வாதத்துக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். இங்கே கிடைத்தது:

"படிச்ச புள்ள நீங்க, உங்களுக்குத் தெரியும். பயந்த புள்ள அவ, அது எனக்குத் தெரியும். பித்தம்னு சொல்லிட்டு வாங்க தங்கச்சி."

பாதிப் பேச்சு

சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொன்னேன். கட்டிலருகே நின்று டாக்டர் கால் மணி நேரம் பேசினார். நான் அதை "பித்தக்குழாய்ல அடைப்பு, சின்ன ஆபரேஷன், சரியாப் போயிடும்" என்று முடித்தேன். நாச்சியா தலையாட்டினார். அண்ணன் நிம்மதியாகத் தொழப் போனார். அவர் செருப்புச் சத்தம் மறைகிறவரை காத்திருந்து, நாச்சியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு டாக்டரிடம் பேசினார், பிரெஞ்சில்! கல்யாணமான புதிதில் நாலு வருஷம் சைகோன் கடைக்குப் பின்னால் குடியிருந்தவராம். பிரெஞ்சுக்காரச் சீமாட்டிகளுக்குத் துணி கிழித்துக் கொடுத்துப் பழகிய மொழி. அண்ணன் எதிரில் அன்னிய ஆணோடு நேராகப் பேசும் வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது, அதனால் என்னை வைத்துப் பேசியிருக்கிறார். அவர் சொன்னதன் தமிழ் இது, இம்முறை ஒரு சொல்லும் விடவில்லை:

"டாக்டர், இந்தப் பெண் பாதியை விழுங்கிவிட்டாள். பசி போலிருக்கிறது. எத்தனை மாதம் என்று மட்டும் சொல்லுங்கள்."

கடிதம்

டாக்டரின் பதிலைக் கேட்டுக்கொண்டு, நாச்சியா இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். மகன் தன்னை மஞ்சள் முகத்தோடு பார்க்கக் கூடாதாம். ஆபரேஷன் நன்றாக நடந்தது; பத்து நாளில் அரிப்பு நின்றது, கண் வெளுத்தது. மகனுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: இங்கே மழை நல்ல மழை, மாமா சுகம், உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, தோதுப்பட்டால் வா. அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் வந்தது. உங்களிடம் மறைத்தது தப்பென்றால் மகனிடம் மறைப்பது மட்டும் சரியா என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. என் கையிலிருந்த பேனாவைத் தட்டி,

"சாகப் போறேன்னு எழுதினா கடமைக்கு வருவான் புள்ள. எனக்கு அவன் ஆசையா வரணும்" என்றார்.

பதில்

கார்த்திகையில் பதில் வந்தது. கடையில் இப்போது வியாபாரம் சூடு, நோன்புப் பெருநாள் கழித்துக் கட்டாயம் வருகிறேன் உம்மா. என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னார். "கட்டாயம்" என்ற இடத்தில் மட்டும் விரலை வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தை பிறந்ததும் முதுகில் வலி. குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் அடங்கியது. மார்ஃபின் போட்டார்கள். தந்தி கொடுக்கவா என்று வாராவாரம் கெஞ்சினேன். ஆசைக்குத் தந்தி கிடையாது என்று சிரித்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சை நிறுத்தினார்.

பெருநாளுக்கு முன்னமே போய்விட்டார். மகன் சொன்னபடியே வந்தார், பெட்டி நிறையப் பட்டுத்துணியோடு. ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடி வந்து, அந்தக் கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்தார். சத்தம் போடவில்லை.

"இது உங்க கையெழுத்துத்தானேங்க? சொந்தமா ஒரே ஒரு வரி சேத்திருக்கக் கூடாதா?"

அடுத்தவர் பேச்சில் ஒரு வரி சேர்க்க எனக்கு உரிமை இல்லை என்று எந்த மேடையிலும் ஏறி வாதாடி ஜெயித்துவிடுவேன், அந்த மேஜைக்கு முன்னால் மட்டும் முடியவில்லை.